ஃபுஜி சோட்டா பள்ளியை விட்டது சரியா? அவர் முன் இருந்த வழிகள் ஓர் ஒப்பீடு

2021 பிப்ரவரி 16 அன்று ஜப்பான் ஷோகிச் சங்கம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியின் தொழில்முறை ஆட்டக்காரர் ஃபுஜி சோட்டா ஜனவரி 31-ஆம் தேதியோடு பள்ளியிலிருந்து விலகிவிட்டார் என்பதுதான் செய்தி. அப்போது அவருக்கு வயது 18. நகோயா பல்கலைக்கழகத்தோடு இணைந்த மேல்நிலைப் பள்ளியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தார். மார்ச் வரை பொறுத்திருந்தால் படிப்பு முடிந்திருக்கும். ஷோகியின் பெரிய சாம்பியன் பட்டங்கள் கிடைத்த பிறகு ஆட்டத்தில் முழுக் கவனம் செலுத்தும் எண்ணம் வலுப்பட்டது என்பதே அவர் தந்த விளக்கத்தின் சாரம்.

“இன்னும் இரண்டு மாதம்தானே, முடித்துவிட்டுப் போயிருக்கலாமே” என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் அது நியாயமான கேள்வியாகவே படுகிறது. ஆனால் அவருக்கு முன் என்னென்ன வழிகள் இருந்தன, அதே வயதில் மற்ற ஆட்டக்காரர்கள் எந்த வழியில் போனார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதில் வேறு மாதிரி வருகிறது. 18 வயதில் விட்டது சரி. அதைவிட முக்கியமாக, 15 வயதில் விடாமல் இருந்ததும் சரி. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ஷோகி பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: இது ஜப்பானியச் சதுரங்கம். 81 கட்டம், ஆளுக்கு 20 காய். வெட்டிய காயை வெட்டியவரே தன் காயாக மறுபடி பலகையில் இறக்கலாம். அதனால் ஆட்டம் போகப் போகக் காய்கள் தீர்ந்துபோகாது, சிக்கல்தான் கூடும். தொழில்முறை ஆட்டக்காரராக வேண்டுமென்றால் ஷோரேய்காய் என்ற பயிற்சி அமைப்பில் படிப்படியாக ஏற வேண்டும். கடைசிப் படி 3-டான் லீக் (டான் என்பது தரநிலை). அரையாண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்த லீக்கில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் 4-டான் ஆகி உள்ளே வருவார்கள். ஆக, வருடத்துக்குச் சுமார் நான்கு பேர். 26 வயதுக்குள் ஏறவில்லை என்றால் பொதுவாக மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஃபுஜி 2002 ஜூலையில் ஐச்சி மாகாணத்தின் செட்டோ நகரில் பிறந்தவர். 5 வயதில் பாட்டி மூலமாக ஷோகி அறிமுகம். 10 வயதில் ஷோரேய்காய், சுகிமோட்டோ மசடகாவின் சீடர். 2016 அக்டோபர் 1 அன்று, 14 வயது 2 மாதத்தில் 4-டான். 1954-இல் கட்டோ ஹிஃபுமி 14 வயது 7 மாதத்தில் வைத்த சாதனை அன்று முறிந்தது. அதே வருடம் டிசம்பர் 24-இல் முதல் ஆட்டம். எதிரே உட்கார்ந்தவர் 76 வயதான அதே கட்டோ. பையன் ஜெயித்தான். அன்று தொடங்கி தொடர்ச்சியாக 29 வெற்றி. 1987-இல் கமியா ஹிரோஷி வைத்த 28 என்ற சாதனையும் 2017 ஜூன் 26 அன்று போயிற்று. அந்த நேரத்தில் அவர் நடுநிலைப் பள்ளி மாணவர்.

ஜப்பானில் கட்டாயக் கல்வி நடுநிலைப் பள்ளியோடு, சுமார் 15 வயதில் முடிகிறது. அடுத்த மூன்று வருட மேல்நிலைப் படிப்பு சட்டப்படி விருப்பம்தான். நடைமுறையில் ஏறக்குறைய எல்லோருமே போகிறார்கள். ஆகவே 2017-இல் ஃபுஜி முன் இருந்த முதல் வழி, அதோடு நிறுத்திவிடுவது. இது கேட்கிற அளவுக்கு விபரீதமான யோசனை அல்ல. பக்கத்து உலகமான ‘கோ’ என்ற பலகை ஆட்டத்தில் இயாமா யூட்டா அப்படித்தான் செய்தார். 12 வயதில் தொழில்முறைக்கு வந்தவர், நடுநிலைப் பள்ளிக்குப் பிறகு மேலே படிக்கவில்லை. 2016-இல் அந்த ஆட்டத்தின் ஏழு பெரிய பட்டங்களையும் ஒரே நேரத்தில் வைத்திருந்த முதல் ஆள் ஆனார். ஃபுஜிக்கும் 15 வயதில் தொழில் இருந்தது, வருமானம் இருந்தது, நாடு முழுக்கப் பெயர் இருந்தது. நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

ஆனாலும் அவர் தொடர்ந்து படிப்பார் என்று 2017 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. அந்த முடிவை எடைபோட நமக்குக் கையில் கணக்கு இருக்கிறது. 2017 ஏப்ரல் முதல் 2018 மார்ச் வரையிலான நிதியாண்டில், பள்ளிக்குப் போய்க்கொண்டே, அவர் ஆடியது 73 ஆட்டம். 61 வெற்றி, 12 தோல்வி. அந்த ஆண்டு அதிக ஆட்டம், அதிக வெற்றி, அதிக வெற்றி விகிதம், நீண்ட தொடர் வெற்றி என நான்கிலும் அவரே முதலிடம். 2018 பிப்ரவரி 17, ஒரு சனிக்கிழமை. அசாஹி கோப்பையின் அரையிறுதியில் ஹபு யோஷிஹாருவையும், அதே நாள் இறுதியில் ஹிரோசே அகிஹிதோவையும் வென்று கோப்பையை எடுத்தார். இப்படி ஆடுகிற ஒருவரிடம் போய் “பள்ளி உன் ஆட்டத்தைக் கெடுக்கிறது” என்று எந்த ஆதாரத்தை வைத்துச் சொல்வது? 15 வயதில் பள்ளியை விட்டால் கிடைக்கக்கூடிய லாபம் கண்ணுக்குத் தெரியவில்லை. போனால் போவது மட்டும் நன்றாகத் தெரிந்தது. அதனால்தான் அந்த வயதில் தொடர்ந்தது சரி என்கிறேன்.

இரண்டாவது வழி, சாதாரணப் பள்ளியிலேயே கடைசி வரை படித்து முடிப்பது. இதற்கு நல்ல முன்மாதிரி வாட்டனாபே அகிரா. நடுநிலைப் பள்ளியில் இருக்கும்போதே தொழில்முறைக்கு வந்தவர்கள் ஷோகி வரலாற்றில் ஃபுஜியையும் சேர்த்து ஐந்தே பேர்: கட்டோ, தனிகாவா கோஜி, ஹபு, வாட்டனாபே, ஃபுஜி. வாட்டனாபே 2000-இல் 15 வயதில் உள்ளே வந்து, பள்ளியை ஒழுங்காக முடித்து, 2004-இல் 20 வயதில் ஷோகியின் பெரிய பட்டங்களில் ஒன்றான ர்யூஓவைப் பிடித்தார். அதன் பிறகு அதை ஒன்பது வருடம் தொடர்ந்து விடவில்லை. இதைக் காட்டி, வாட்டனாபேயால் முடிந்தது ஃபுஜியால் ஏன் முடியாது என்று கேட்கலாம்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு விஷயம், ஊர். வாட்டனாபே டோக்கியோக்காரர். ஷோகிச் சங்கத்தின் தலைமையகம் டோக்கியோவின் செண்டகாயாவில் இருக்கிறது. ஃபுஜி வசித்த செட்டோ இருப்பது நகோயாவுக்குப் பக்கத்தில். அந்தப் பகுதியில் அப்போது அதிகாரபூர்வ ஆட்ட அரங்கே கிடையாது. நகோயா ரயில் நிலையத்துக்கு எதிரே ஓர் அரங்கு திறக்கப்பட்டதே 2022 ஜூனில்தான். அதுவரை ஒரு சாதாரண லீக் ஆட்டத்துக்கும் அவர் ஒசாகாவுக்கோ டோக்கியோவுக்கோ போக வேண்டும். ஆட்டம் வார நாளில் காலை 10 மணிக்குத் தொடங்கும். ஆளுக்கு ஆறு மணி நேரம் யோசிக்கக் கிடைக்கும் லீக் ஆட்டங்கள் நள்ளிரவைத் தொடுவது சகஜம். அப்படி ஓர் ஆட்டம் முடிந்து ஊர் திரும்புவது மறுநாள். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு நாள் வகுப்பு போகிறது. டோக்கியோ மாணவருக்கு இந்த இழப்பில் பாதிகூட இல்லை.

இன்னொரு வேறுபாடு, பட்டம் எப்போது வந்தது என்பது. வாட்டனாபே பள்ளியை முடித்த பிறகுதான் முதல் பட்டம் பெற்றார். தனிகாவா மெய்ஜின் பட்டம் பெற்றது 21 வயதில். ஹபுவின் முதல் பட்டம் 19-இல். பள்ளியில் படிக்கும்போதே பட்டப் போட்டியில் உட்கார்ந்து ஜெயித்தவர் ஃபுஜிக்கு முன் யாருமில்லை. அதனால் முன்னோர் வழி எதுவும் அவருக்கு அப்படியே பொருந்தாது.

2020 கோடையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முடிவு அங்கேதான் உருவானது. கொரோனாவால் ஏப்ரல், மே மாதங்களில் மாகாணம் விட்டு மாகாணம் போகும் ஆட்டங்கள் நின்றிருந்தன. ஜூனில் எல்லாம் ஒரேயடியாகத் தொடங்கியது. ஜூன் 2-இல் கிசேய் பட்டத்துக்கான அரையிறுதி, ஜூன் 4-இல் நகாசே தகுயாவை வென்று நடப்புப் பட்டதாரரை எதிர்க்கும் சவாலாளர் ஆனார், ஜூன் 8-இல் வாட்டனாபேயோடு பட்டப் போட்டியின் முதல் ஆட்டம். இதற்கிடையே ஓஇ பட்டத்துக்கும் சவாலாளர் ஆகிவிட்டார். கிசேய் ஒரு நாள் ஆட்டம். ஓஇ ஒவ்வொன்றும் இரண்டு நாள், ஆளுக்கு எட்டு மணி நேரம். ஜூலை 1, 2 தொயோஹாஷியில் ஓஇ முதல் ஆட்டம். ஜூலை 9 டோக்கியோவில் கிசேய். ஜூலை 13, 14 வடக்கே சப்போரோவில் ஓஇ இரண்டாம் ஆட்டம். ஒரு நாள் இடைவெளி விட்டு ஜூலை 16-இல் ஒசாகாவில் கிசேய் நான்காம் ஆட்டம். திங்கள், செவ்வாய் சப்போரோ, வியாழன் ஒசாகா. அந்த வியாழனன்றுதான் 17 வயது 11 மாதத்தில், வரலாற்றிலேயே மிக இளைய பட்டதாரர் ஆனார். அந்த வாரம் ஒரு மேல்நிலைப் பள்ளி மாணவனுக்கு எத்தனை வகுப்பு மிஞ்சியிருக்கும்?

ஆட்டத்தின் தரமும் தாழவில்லை. கிசேய் இரண்டாம் ஆட்டத்தில் அவர் ‘வெள்ளித் தளபதி’ என்ற காயைத் தற்காப்பாக இறக்கிய நகர்வு அன்று பெரிய பேச்சானது. கணினி நிரல் கோடிக்கணக்கான நிலைகளை ஆராய்ந்தும் முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. 60 கோடி நிலைகளைத் தாண்டிய பிறகு அதுவே சிறந்த நகர்வு என்று காட்டியது. ஃபுஜி அதற்கு எடுத்துக்கொண்டது 23 நிமிடம்.

ஆகஸ்ட் 19, 20 ஃபுக்குவோக்காவில் நடந்த ஓஇ நான்காம் ஆட்டமும் எனக்குப் பிடித்த ஒன்று. இரண்டு நாள் ஆட்டத்தில் முதல் நாள் மாலை ஒரு சடங்கு உண்டு. யாருடைய முறையோ அவர் தன் அடுத்த நகர்வைப் பலகையில் ஆடாமல் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்பார். மறுநாள் காலை எல்லோர் முன்னிலையிலும் அது பிரிக்கப்படும். இரவு முழுக்க எதிராளி யோசித்து லாபம் அடையக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. பட்டப் போட்டியில் ஃபுஜி இப்படி எழுதிக் கொடுத்தது அதுவே முதல் தடவை. மறுநாள் உறையைப் பிரித்தால், செஸ்ஸில் யானை போல நேராகப் பாயும் தன் வலிமையான காயைக் கொடுத்து எதிராளியின் சிறிய காயை வெட்டும் நகர்வு. முதல் தடவையே இவ்வளவு துணிச்சல். அன்று மாலைக்குள் கிமுரா கசுகியிடமிருந்து 4-0 என்று பட்டத்தை வாங்கினார். 18 வயது 1 மாதம், கையில் இரண்டு பட்டம்.

இதற்குப் பிறகு கணக்கு தலைகீழாகிறது. சவாலாளராக இருக்கும்வரை பட்டப் போட்டி என்பது ஜெயித்தால் வரும். பட்டதாரர் ஆகிவிட்டால் அடுத்த வருடம் அதே மாதங்களில் காப்பாற்றும் ஆட்டம் கட்டாயம் வரும், நாள் நமக்காகத் தள்ளிப்போகாது. 2020-இல் அவருடைய ஆட்ட வருமானம் 4.5 கோடி யென்னைத் தாண்டி, அந்த ஆண்டுப் பட்டியலில் நான்காம் இடம் வந்தது. பள்ளிச் சான்றிதழ் ஒரு பையனுக்குத் தருகிற முக்கியமான பாதுகாப்பு, வேறு வேலை தேடும் தகுதி. அந்தத் தேவை இவருக்கு அப்போதே தீர்ந்துவிட்டது. இனி பிற்காலத்தில் படிக்க ஆசை வந்தால்? ஜப்பானில் மேல்நிலைப் படிப்புக்கு இணையான அரசுத் தேர்வு இருக்கிறது. அதை எழுதிப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் போகலாம். கதவு மூடவில்லை.

சரி, அந்த இரண்டு மாதம்? நாட்காட்டியில் அது இரண்டு மாதம்தான். ஆனால் வருடம் முழுக்க விடுபட்ட வகுப்புகளை அதற்குள் ஈடுகட்டுவது லேசான வேலை இல்லை. ஈடுகட்ட இன்னொரு வருடம் இழுத்திருந்தால் அது பட்டத்தைக் காப்பாற்ற வேண்டிய வருடத்தின் மேல் வந்து விழுந்திருக்கும். பள்ளியை விட்டதற்கும் அறிவிப்பு வந்ததற்கும் நடுவில், பிப்ரவரி 11-இல், அசாஹி கோப்பையில் அரையிறுதியில் வாட்டனாபேயை வென்று மூன்றாவது முறையாகக் கோப்பையை எடுத்திருந்தார். மனம் எங்கே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மூன்றாவது வழி, எனக்கு மிகவும் பிடித்த வழி, ஹபு போனது. அவரும் 1985-இல் 15 வயதில் தொழில்முறைக்கு வந்தவர். சாதாரணப் பள்ளியில் சேர்ந்து, ஆட்டங்களால் வகுப்பு விடுபட்டபோது அஞ்சல்வழி மேல்நிலைப் படிப்புக்கு மாறி, அதை முடித்தார். 1989-இல் ர்யூஓ. 1996 பிப்ரவரியில் அப்போதிருந்த ஏழு பட்டங்களும் அவர் கையில். படிப்பும் போகவில்லை, ஆட்டமும் போகவில்லை. ஃபுஜிக்கு இது 15 வயதிலோ, முதல் வருட முடிவிலோ நல்ல மாற்றாக இருந்திருக்கும். 18 வயதில் கடைசிப் பருவத்தில் மாறினால் பெரிய பயன் இல்லை, புதிய பள்ளியில் புதிய கணக்குதான் தொடங்கும். ஆகவே ஃபுஜியின் முடிவுக்கு உண்மையான போட்டி இந்த வழிதான், ஆனால் அது இரண்டு வருடம் முன்னால் வந்திருக்க வேண்டிய போட்டி.

பல்கலைக்கழகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் முடிகிற காரியம் என்று பலர் நிரூபித்திருக்கிறார்கள். ஹிரோசே வசேடா பல்கலைக்கழக மாணவராக இருக்கும்போதே 2010-இல் ஓஇ பட்டம் பெற்றார். இதோதானி டெட்சுரோ ஒசாகா பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துக்கொண்டே 2014-இல் ர்யூஓ ஆனார். கட்டாகாமி டைசுகே டோக்கியோ பல்கலைக்கழகப் பட்டதாரி. ஆனால் இவர்களெல்லாம் உள்ளே சேரும்போது பட்டம் எதுவும் கையில் இல்லை; நுழைவுத் தேர்வுக்குப் படிக்க நேரம் இருந்தது. மேல்நிலைப் பள்ளியைவிடப் பல்கலைக்கழகத்தில் நேரம் நெகிழ்வாகவும் இருக்கும். ஃபுஜிக்கு அந்தத் தேர்வுக்குத் தயாராகும் வருடமே பட்டங்கள் வந்த வருடம்.

இப்போது முன்னும் பின்னும் ஒப்பிடலாம். பள்ளிக் காலத்து வெற்றி விகிதம்: 2017 நிதியாண்டில் 0.836, அடுத்து 0.849, அடுத்து 0.815, பள்ளியை விட்ட 2020 நிதியாண்டில் 0.846. விட்ட பிறகு: 2021-இல் 52 வெற்றி 12 தோல்வி, அதாவது 0.813, 2022-இல் 0.828, 2023-இல் 0.852. பார்த்தால் ஏறக்குறைய ஒரே கோடு. பள்ளியை விட்டதும் ஆட்டம் எகிறிவிட்டது என்று இந்த எண்கள் சொல்லவில்லை. ஆனால் எதிராளிகள் யார் என்று பார்க்க வேண்டும். பள்ளிக் காலத்தில் பாதிக்கு மேல் தகுதிச் சுற்றுகள், கீழ்ப்பிரிவு லீக் ஆட்டங்கள். 2021-க்குப் பிறகு பட்டப் போட்டிகளின் பங்கு மிகவும் கூடியது, எதிரே டொயோஷிமா, வாட்டனாபே, நகாசே, ஹிரோசே போன்ற முன்னணி ஆட்டக்காரர்கள். மலையடிவாரத்தில் நடந்த வேகத்திலேயே உச்சியிலும் நடப்பது போன்றது அது. 2021-இல் எய்ஓ, ர்யூஓ பட்டங்கள். 2022 பிப்ரவரியில் ஒஷோ. 2023 மார்ச்சில் கிஓ. ஜூன் 1-இல் 20 வயது 10 மாதத்தில் மெய்ஜின், தனிகாவாவின் 40 வருடச் சாதனை முறிந்தது. அக்டோபர் 11-இல் ஓசா. எட்டுப் பட்டமும் ஒருவரிடம், முதன்முறையாக. விலகி மூன்று வருடம்கூட ஆகவில்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024 ஜூன் 20 அன்று அந்த எட்டில் ஒன்றான எய்ஓவை 3-2 என்று பறித்தவர் இட்டோ தகுமி. ஃபுஜியைவிடச் சில மாதமே இளையவர். தொடக்கப் பள்ளி மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுவர் போட்டியில் இட்டோவிடம் தோற்று ஃபுஜி அழுத கதை ஜப்பானில் பிரபலம். இந்த இட்டோ மேல்நிலைப் பள்ளியை இடையிலேயே விட்டவர். அப்போது அவர் தொழில்முறை ஆட்டக்காரரே அல்ல, 3-டான் லீக்கில் போராடும் பையன். அவர் தொழில்முறைக்கு வந்தது 2020 அக்டோபரில், 17 வயதில். ஃபுஜி எடுத்ததைவிட எவ்வளவோ பெரிய துணிச்சல் அது. பலித்தது.

பலிக்காதவர்களின் பெயர் நமக்குத் தெரிவதில்லை என்பதுதான் இங்கே என் கவலை. 3-டான் லீக்கில் 26 வயது வரை இருந்து வெளியேறியவர்கள் ஏராளம். செகாவா ஷோஜி ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1996-இல் வயது வரம்பால் வெளியே வந்தார். பல்கலைக்கழகத்தில் படித்தார், நிறுவனத்தில் வேலைக்குப் போனார், அமெச்சூராக ஆடிக்கொண்டே இருந்தார். தொழில்முறை ஆட்டக்காரர்களை வரிசையாகத் தோற்கடிக்கவே, 2005-இல் அவருக்காகவே ஒரு தனித் தேர்வு நடத்தப்பட்டு, 35 வயதில் உள்ளே வந்தார். அந்த ஒன்பது வருடம் அவரைத் தாங்கிப் பிடித்தது படிப்பும் வேலையும். மேல்நிலைப் பள்ளியை 16-இல் விட்டிருந்தால் அந்தப் பாதை எவ்வளவு கரடாக இருந்திருக்கும்?

அதனால் ஃபுஜியைக் காட்டி ஷோரேய்காய் பையன்களிடம் பள்ளியை விடச் சொல்வது தவறு என்று உறுதியாக நினைக்கிறேன். அவர் சாம்பியன் ஆவதற்காகப் பள்ளியை விடவில்லை. இரண்டு பட்டம் வாங்கிய பிறகு, இரண்டும் சேர்ந்து நடக்க வழியே இல்லாத நிலை வந்தபோது விட்டார். இன்னும் 4-டான் ஆகாத 15 வயதுப் பிள்ளைக்கு, டோக்கியோ, ஒசாகா பக்கம் வீடு இருந்தால் சாதாரணப் பள்ளியே போதும். தொலைவில் இருந்தால் முதல் வருடத்திலேயே அஞ்சல்வழிப் படிப்புக்கு மாறட்டும், அதற்காகக் கூச்சப்பட ஒன்றுமில்லை. 17, 18 வயதில் 4-டான் ஆகியும் பட்டம் வராதவர் முடித்துவிட்டே போகலாம், ஹிரோசே மாதிரி மேலேயும் படிக்கலாம். பட்டப் போட்டிக்கான அழைப்பு பள்ளி நாட்களிலேயே வந்து, ஊரும் தொலைவாக இருந்து, ஒரே வாரத்தில் சப்போரோவும் ஒசாகாவும் போக வேண்டி வந்தால் மட்டும் ஃபுஜி செய்ததைச் செய்யலாம். இன்றுவரை அந்த நிலைக்கு வந்தவர் அவர் ஒருவர்தான்.